எட்டரை மணங்கு

என் முதலாளி ராயப்பராஜைப் பதினோரு தடவை தராசில் ஏற்றி எடை போட்டிருக்கிறேன். பத்துத் தடவை உள்ளதைச் சொன்னேன். ஒரு தடவை பொய் சொன்னேன். அந்த ஒரு தடவைக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். பத்துத் தடவை ஒழுங்காக இருந்ததற்கு யாரும் மாலை போடப் போவதில்லை.

திண்டுக்கல் நாகல் நகரில் அவருக்கு வெங்காய மண்டி இருந்தது. நான் அங்கே எடை போடுகிறவன். வேடசந்தூர்ப் பக்கத்துக் காட்டிலிருந்து வண்டி வண்டியாக வெங்காயம் வரும். ஒவ்வொரு மூட்டையாகத் தராசில் ஏற்றி எடையைக் கூவிச் சொல்லவேண்டும். கண்ணுசாமி சொன்னால் சரி என்று வெங்காயம் கொண்டுவந்த சம்சாரிகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆண்டுக்கு ஒரு நாள், ஜூன் மாதம் பதின்மூன்றாம் தேதி, அந்தோணியார் திருநாளன்று மண்டித் தராசை மாட்டுவண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே இருக்கும் சின்னக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். பூசை முடிந்ததும் முதலாளி ஒரு தட்டில் ஏறி உட்காருவார். மறு தட்டில் வெல்லம் அடுக்குவோம். முள் நேராக நின்றதும் அவர் இறங்கிவிடுவார். அந்தத் தட்டில் எடைக்கற்களை வைத்து, வெல்லம் எவ்வளவு என்று நான் கூவவேண்டும். அவ்வளவு வெல்லமும் அந்தோணியாருக்கு. பிறகு அது கூடியிருக்கும் சனங்களுக்கு.

இது அவருடைய தாயார் வைத்த பொருத்தனை. மூன்று வயதில் முதலாளிக்குக் காய்ச்சல் வந்து, மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம். பிள்ளை பிழைத்தால் அவன் உயிரோடு இருக்கும் வரை வருஷா வருஷம் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று அந்தம்மா வேண்டிக்கொண்டார். முதல் வருஷம் பிள்ளை ஒரு மணங்குகூட இல்லை. எட்டு வீசை சேர்ந்தால் ஒரு மணங்கு. ஏழு வீசையில் ஆரம்பித்த பிள்ளை வருஷத்துக்கு வருஷம் ஏறினான். ஏற ஏற, அந்தோணியார் கைவிடவில்லை என்பதற்கு அது அந்தக் குடும்பத்துக்குக் கண்ணால் கண்ட சாட்சி. தாயார் போன பிறகு முதலாளியின் மனைவி ஆனந்தமேரி அம்மா அதை ஏற்றுக்கொண்டார். புருஷனைத் தேய விடாமல் பார்ப்பது தன் வேலை என்று நினைத்தார். பதினைந்து இட்லி, ஆட்டுக்கால் குழம்பு, மத்தியானம் நெய் ஊற்றிய சோறு, சாயந்திரம் எள்ளுருண்டை. முதலாளியும் ஒன்றையும் வேண்டாம் என்று தள்ளுகிற ஆள் இல்லை.

ஆள் வாட்டசாட்டம் என்றால் சும்மா இல்லை. ஜட்காக்காரர்கள் அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்தால் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்கள். கோயிலில் அவர் உட்காரும் பெஞ்சில் இன்னொருவர் உட்காரமாட்டார். அவரே இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார், வயிறு தனியாகச் சிரிக்கும். அவரை யாரும் நோயாளி என்று நினைத்ததில்லை. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் எல்லாருக்கும் நினைவிருந்தது. தொந்தி வைத்தவரைப் பார்த்தால் ஊர் கும்பிட்டது.

1959இல் ஒன்பது மணங்கு ஒரு வீசை. சனங்கள் கைதட்டினார்கள். அதுதான் உச்சம்.

மறு வருஷம் எட்டு மணங்கு ஆறு வீசை என்று கூவினேன். கூவும்போதே என் குரல் இறங்கிவிட்டது. யாரும் கைதட்டவில்லை. பழைய எடைக்கற்களைச் சனங்களுக்கு நன்றாகத் தெரியும், என்னோடு சேர்ந்து அவர்களும் எண்ணுவார்கள். எட்டுப் பெரிய கல், ஆறு சின்னக் கல். யாராலும் மறைக்க முடியாது. ஆனந்தமேரி அம்மா வெல்லத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யாரு கண்ணோ பட்ருச்சு” என்றார் வீட்டுக்குத் திரும்பும்போது. “நாந்தேன் சரியாக் கவனிக்கல.”

அன்றிலிருந்து இட்லி இருபது ஆயிற்று. காலையில் பதநீரும் பச்சை முட்டையும், படுக்கும்முன் கருப்பட்டி போட்ட பால். முதலாளி அத்தனையும் தின்றார், தின்று முடித்துவிட்டு இன்னும் பசிக்குது என்றார். அந்தம்மாவுக்குச் சந்தோஷம். மண்டியில் அவருக்காக வைத்திருந்த பானைத் தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் காலியானது. ஏலம் நடக்கும்போதே பாதியில் எழுந்து பின்சுவர்ப் பக்கம் போவார். அரைமணி கழித்து மறுபடியும் போவார். ஒருநாள் நானும் அங்கே ஒதுங்கினேன். சுவரடியில் அவர் நின்ற இடத்தில் மட்டும் எறும்பு மொய்த்துக் கிடந்தது. பக்கத்தில் நாங்கள் பத்துப் பேர் தினமும் நிற்கிற இடத்தில் ஒரு எறும்பு இல்லை. எங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். நான் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்கவேண்டும்.

1961இல் சரியாக எட்டு மணங்கு. ஆனந்தமேரி அம்மா கோயிலிலேயே உட்கார்ந்து அழுதார். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னார்.

“அடுத்த திருநாளைக்கும் கொறைஞ்சிருந்தா, இவுகள மதுர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். யாரு சொன்னாலும் கேக்கமாட்டேன்.”

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய அண்ணன் வயிற்றுவலி என்று மதுரைக்குப் போனவர், திரும்பி வரும்போது வண்டியில் படுக்கவைத்துத் துணி போர்த்தித்தான் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து அவருக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரி என்றாலே நடுக்கம்.

அந்த வாரமே, வீட்டுக்குத் தெரியாமல் டாக்டர் அப்துல் லத்தீப்பைப் பார்க்கப் போனார். துணைக்கு என்னை அழைத்துக்கொண்டார். டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் ஊற்றி, அதில் முதலாளியின் சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது. பிறகு செங்கல் தூளைக் கரைத்தது போலச் சிவந்து அடியில் தங்கியது. டாக்டர் அதை எங்கள் இருவருக்கும் தூக்கிக் காட்டினார்.

“அம்புட்டும் சக்கரை” என்றார். “திங்கிறது ஒடம்புல ஒட்டல முதலாளி, பூராம் இதுல போயிக்கிட்டு இருக்கு. அது பத்தாம ஒடம்புச் சதையும் கரைஞ்சு போகுது. ஊசி மருந்து இருக்கு. மதுரைல பத்து நாளு தங்கி, எம்புட்டுப் போடணும்னு அளவு பாத்துட்டு வாங்க. பெறகு நானே இங்க தெனமும் போட்டு விடுறேன். வெல்லம், கருப்பட்டி, கல்கண்டு, பதநீ ஒண்ணும் தொடக்கூடாது.”

“போகாட்டி?”

“மொதல்ல காலு, இல்லாட்டிக் கண்ணு. பெறகு ஆளு.”

வெளியே வந்ததும் முதலாளி தெருக்குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு, “மேரிகிட்ட ஒடம்புச் சூடுன்னு சொல்லிக்கிருவோம்” என்றார். சொல்லிக்கிருவோம் என்றாரே, அந்த ‘-வோம்’ என்பதில் நானும் இருந்தேன். தலையை ஆட்டினேன்.

சூடு என்று சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் மூளை வேலை செய்யவில்லை. சூட்டுக்குக் குளிர்ச்சி கொடுக்கவேண்டும் அல்லவா? மறுநாளிலிருந்து தூக்குச்சட்டியில் கல்கண்டுத் தண்ணீர் மண்டிக்கு வந்தது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. அந்தம்மா இளநீரில் கல்கண்டைக் கரைத்து, வெள்ளைத் துணி கட்டி, தன் கையாலேயே கொண்டுவந்து கொடுப்பார். முதலாளி அதை வாங்கி ஒரே மூச்சில் குடிப்பார். தாகத்தில் இருப்பவனுக்கு அது அமிர்தம். நான் தராசுப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரு தடவை மட்டும் கேட்டேன்.

“டாக்டரு தொடக்கூடாதுன்னாருல்ல முதலாளி?”

“வேண்டாம்னா ஏன்னு கேப்பா. ஏன்னு சொன்னா மதுரைக்கு வண்டி கட்டுவா. நீ மூட்டையப் பாரு.”

நான் மூட்டையைப் பார்த்தேன். வேறென்ன செய்தேன்?

கண்ணுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரிந்தது. கழுத்தெலும்பு வந்துவிட்டது. தோளில் சட்டை தொங்கியது. ஆனால் தொந்தி மட்டும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதன் மேல் இரண்டு பனியனும் ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு அந்தச் சித்திரை வெயிலில் உட்கார்ந்திருந்தார். அந்தம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திருநாள் வரட்டும், தராசு சொல்லட்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

1962 திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு, ஏலம் முடிந்த மத்தியான வேளையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். மண்டியில் வேறு யாரும் இல்லை.

“ஏலே கண்ணுசாமி, இந்தத் தடவ கொறைஞ்சிருந்தாலும் கூடிருச்சுன்னு சொல்லு.”

“ஊரே கல்ல எண்ணுமே முதலாளி.”

“எந்தக் கல்ல? கல்லுதான் மாறிப்போச்சே.”

உண்மைதான். மணங்கும் வீசையும் போய்க் கிலோ வந்துவிட்டது. பழைய கல்லை வைத்திருந்தால் அபராதம். புதுக் கற்கள் ஆறு பட்டையாக, கறுப்பாக, பார்க்கவே அந்நியமாக இருந்தன. ஊரில் யாருக்கும் அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. ஒரு மணங்கு பதினோரு கிலோ முந்நூற்று நாற்பது கிராம் என்று நாகல் நகர் முழுக்கத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்தவர்கள் என்னைப் போல எடை போடுகிற நாலு பேர்தான்.

“எனக்கு இதுல பழக்கமில்ல முதலாளி” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். விரல்கள் சில்லென்று இருந்தன. “சாகுறதுன்னா வீட்டுல சாகுறேன்டா. எங்கண்ணன் மாதிரி என்னையத் துணி போத்திக் கொண்டாராதீக.” அதைச் சொல்லும்போது அவர் அழுதார். அத்தனை பெரிய மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்படி நிற்பதும் சரி என்று சொல்வதுதான் என்று இப்போது தெரிகிறது.

திருநாளன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஆனந்தமேரி அம்மா இரண்டு மூட்டை வெல்லம் கூடுதலாகவே கொண்டுவந்திருந்தார். முதலாளி தட்டில் ஏறும்போது சங்கிலி முன்பு போல முனகவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு மட்டும் கேட்டது. வெல்லம் ஏறியது, முள் நின்றது, அவர் இறங்கினார். புதுக் கற்களை வைத்தேன். எண்பத்து மூன்று.

“எண்பத்து மூணு கிலோ” என்று கூவினேன். அதில் பொய் இல்லை.

எட்டும் ஒன்பதுமே கேட்டுப் பழகிய சனங்கள் எண்பத்து மூன்று என்றதும் கைதட்டிவிட்டார்கள். கோயில் உபதேசியார்கூடக் கைதட்டினார். அந்தம்மா தட்டவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் அருகில் வந்து நின்றார்.

“கண்ணுசாமி, பழைய கணக்குல எம்புட்டு?”

ஏழு மணங்கு இரண்டரை வீசை. கல்லை வைக்கும்போதே என் மனதில் அது விழுந்துவிட்டது. போன வருஷத்துக்கு ஐந்தரை வீசை குறைவு. அந்தம்மாவுக்குப் பின்னால் முதலாளி நின்றிருந்தார். கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

“எட்டரை மணங்கு வருதுங்கம்மா.”

“நெசமாவா?”

“நெசந்தேன்.”

அந்தம்மா அங்கேயே முழங்காலிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார். எழுந்தபோது நெற்றியில் மண்ணும் வெல்லத்தூளும் ஒட்டியிருந்தன. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மூன்று வருஷமாக அந்த முகத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. அவர் தன் கண்ணை நம்பவில்லை, என் வாயை நம்பினார். மதுரைப் பேச்சு அதோடு நின்றது. குளிர்ச்சி நன்றாக ஒத்துக்கொண்டது என்று கல்கண்டுத் தண்ணீர் மூன்று வேளையாயிற்று.

ஐப்பசி மழையில்தான் வினை வந்தது. ஒருநாள் மண்டித் தரையில் முதலாளி நடந்த தடமெல்லாம் சிவப்பாக இருந்தது. “முதலாளி, காலு” என்றேன். குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். செருப்புக்குள் ஓர் ஆணி எழும்பி, உள்ளங்காலில் அரை விரல் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதோடு நடந்திருக்கிறார். வலிக்கவே இல்லை என்றார். வலித்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினார்கள். பத்து நாளில் பெருவிரல் கறுத்தது. பிறகு பக்கத்து விரல். வாடை வர ஆரம்பித்ததும் முதலாளி ஊதுவத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சரக்கு எடுக்க வந்தவர்கள் மூக்கைத் தேய்த்துக்கொண்டே பேசினார்கள். அந்தம்மாவே ஆள் அனுப்பி டாக்டர் லத்தீப்பை வரவழைத்தார். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். சர்க்கரை விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார், அதைப் பற்றிப் பேசவில்லை. “நாளைக்குன்னு வைக்காதீக. இப்பவே மதுரைக்குக் கெளம்புங்க” என்றார்.

மதுரையில் அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க எடை வேண்டும் என்று முதலாளியை ஒரு மேடைத் தராசில் கிடத்தினார்கள். அறுபத்தாறு கிலோ. அங்கிருந்த இளம் டாக்டர் ஆனந்தமேரி அம்மாவிடம் கேட்டார்.

“முன்னாடி எம்புட்டு எடை இருந்தார்?”

“ஜூன் மாசம் எட்டரை மணங்கு இருந்தாகய்யா. நிறுத்துப் பாத்தோம்.”

“எத்தனை வருஷமாச் சக்கரை?”

“சக்கரையெல்லாம் கெடையாதுங்கய்யா. சூட்டு ஒடம்பு.”

டாக்டர் காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டார். நெற்றியைச் சுருக்கினார். “அஞ்சு மாசத்துல முப்பது கிலோவா? அப்ப வேற ஏதோ பெரிய கேடு உள்ள இருக்கணுமே. அதப் பாக்காமக் கத்தி வைக்க முடியாது” என்று பேனாவை மூடினார்.

கட்டிலில் முதலாளி கண்ணை மூடிக் கிடந்தார். அவர் சொல்லமாட்டார். நான்தான் சொல்லவேண்டும்.

“ஜூன்ல எண்பத்து மூணு கிலோதாங்கய்யா. ஏழு மணங்கு ரெண்டர வீசை. எட்டரன்னு நாந்தேன் பொய் சொன்னேன். சக்கரை போன வருஷமே இருக்கு. கொழாயில செவப்பா வந்துச்சு.”

டாக்டர் என்னை முறைத்துவிட்டு வேகமாக உள்ளே போனார். அந்தம்மா சுவரில் சாய்ந்தார். என்னைத் திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று நின்றேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

“நாங் கல்கண்டு கரைச்சுக் கொண்டாந்தேனே. அப்பவும் ஒனக்குத் தெரியுமா?”

“தெரியுங்கம்மா.”

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். ஊசியும் போட்டார்கள். ஒன்பதாம் நாள் முதலாளி இறந்துபோனார். அவர் பயந்தது போலவே துணி போர்த்தித்தான் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தோம்.

என்னை வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனந்தமேரி அம்மா அடக்கம் முடிந்த இருபதாம் நாள் வெள்ளைச் சேலையோடு மண்டிக்கு வந்து முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். கூடவே பெரியகருப்பன் என்று ஒரு புது ஆள் வந்திருந்தான். மண்டியின் மறுமூலையில் அவனுக்கு இன்னொரு தராசு கட்டச் சொன்னார். முதல் மூட்டையை நான் நிறுத்து எடையைக் கூவினேன். சம்சாரி எழுந்து துண்டை உதறினார்.

“செத்த இருங்க அப்பு” என்றார் அந்தம்மா அவரிடம். பிறகு புது ஆள் பக்கம் திரும்பி, “பெரியகருப்பா, நீ ஒருக்கா நிறுத்துப் பாரு” என்றார்.

அவன் மூட்டையை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தான். நான் சொன்ன அதே எடைதான் வந்தது. அடுத்த மூட்டைக்கும் அப்படியே. அன்றைக்கு நாற்பது மூட்டை, நாற்பதையும் இரண்டு தடவை நிறுத்தார்கள். அதற்குப் பிறகும் நான் ஏழு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். ஒரு தடவைகூட எங்கள் இரண்டு பேர் எடையும் மாறி வரவில்லை, ஒரு தடவைகூட அந்தம்மா இரண்டாவது எடையை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.